ஓநாயிடம் பொற்காசு: இணைய விளையாட்டின் கொள்ளைப் பொருளும் தஞ்சைச் சான்றுகளும்

பாத்திரம் ஏற்று ஆடும் இணைய விளையாட்டுகளில் ஓநாயை வெட்டினால் பொற்காசு விழுகிறது. சிலந்தியைக் கொன்றால் இரும்புக் கவசம் கிடைக்கிறது. ஆட்டக்காரர்கள் இந்த 'டிராப்'பை மறுபேச்சில்லாமல் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வேட்டைக்குப் போய்விடுகிறார்கள். ஓநாய் காசை எங்கே வைத்திருந்தது என்று ஒரு கணம் யோசித்தால் அந்த உலகமே கலைந்துவிடும். சலிப்பு வந்துவிட்டதாகத் தெரிந்தால் நிறுவனங்கள் பொருள்களின் எண்ணிக்கையைக் கூட்டுகின்றன. இது தவறான வைத்தியம் என்பதே இக்கட்டுரையின் வாதம். விழுந்த பொருள் வீழ்ந்த உயிருக்கு உரியதாக இருந்தால்தான் ஆட்டத்தில் மனம் ஒன்றும். அந்த உறவைப் பேணினால் பல்வகைமை தானே வரும். இதற்குக் காவிரிப் படுகையிலேயே இரண்டு சான்றுகள் உண்டு. ஒன்று வயல் வரப்பில் இருக்கிறது, மற்றது பெரிய கோயிலின் கல்லில்.

சம்பாக் கதிர் முற்றும் காலத்தில் டெல்டா வயல்களில் எலித் தொல்லை கூடிவிடும். மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்யும் 'தஞ்சாவூர் கிட்டி'யை மாலையில் வரப்போரம் வைத்து, விடிந்ததும் போய் எடுப்பார்கள். கிட்டியில் மாட்டிய எலியிடம் நெல் இருக்காது. அது வளைக்குள் இருக்கிறது. வரப்பைக் குடையும் எலி கதிரைக் காம்போடு கத்தரித்து இழுத்துப்போய், மண்ணுக்கடியில் தனி அறையில் சேர்த்துவைக்கும். வளையின் வாய் புதுமண்ணால் அடைபட்டிருந்தால் எலி உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். மண்சட்டியில் வைக்கோலைப் புகையவிட்டு உள்ளே ஊதி, வளை போகும் போக்கில் மண்வெட்டியால் வெட்டிக்கொண்டே போனால் எலியும் கிடைக்கும், கதிரும் கிடைக்கும். கூலி வேலை இல்லாத நாட்களில் அந்த நெல் ஏழை வீடுகளில் உலைக்குப் போயிருக்கிறது. வயலில் என்ன நெல்லோ அதுதான் வளையிலும். கதிர் வராத வயலில் வளை காலி. இடமும் பருவமும் சேர்ந்து இங்கே கொள்ளைப் பட்டியலை எழுதிவிடுகின்றன. பகடைக்கு வேலை குறைவு.

1974இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டுக்கு இந்த வளைக் கணக்கு தெரிந்திருந்தது. அதன் விலங்குப் பட்டியலில், ஒவ்வொன்றுக்கும் உரிய புதையல் வகையோடு, அந்த விலங்கு தன் குகையில் இருக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்பதும் குறிக்கப்பட்டிருந்தது. புதையல் பெரும்பாலும் குகையைச் சேர்ந்தது. 1996 கடைசியில் வந்த 'டயாப்ளோ' போன்ற கணினி விளையாட்டுகள் அதைப் பிணத்திலிருந்தே தெறிக்கவைத்தன. குகையைத் தேடும் வேலை மிச்சமாயிற்று. பொருள் அங்கே இருப்பதற்கான காரணமும் கூடவே போயிற்று.

எல்லாரும் அந்த வழியில் போகவில்லை. 1997இல் வந்த 'அல்டிமா ஆன்லைன்' விளையாட்டில் மானைக் கொன்றபின் கத்தியால் அறுத்தால்தான் தோலும் இறைச்சியும் கிடைத்தன. கொரியாவின் 'ராக்னராக் ஆன்லைன்' விளையாட்டில் 'போரிங்' என்றொரு கொழகொழத்த உருண்டை உண்டு. தரையில் கிடக்கும் பொருளை அது விழுங்கிக்கொண்டு திரியும். கொன்றால் விழுங்கியதைத் திருப்பித் தரும். வரப்பு எலிக்குச் சரியான உறவு அதுதான். 2004இல் தொடங்கிய 'மான்ஸ்டர் ஹன்டர்' இன்னும் ஒரு படி மேலே போனது: வாலைத் துண்டித்தால் வாலிலிருந்து ஒரு பொருள், கொம்பை உடைத்தால் கொம்புக்குரிய பொருள். அங்கே பல்வகைமை விலங்கின் உடலமைப்பிலிருந்தே பிறக்கிறது.

மனிதப் பகைவன் வீழ்ந்தால் எதை விட்டுச்செல்வான் என்பதற்குப் பெரிய கோயில் கல்வெட்டுகளை விடச் சிறந்த பட்டியல் கிடைப்பது அரிது. ஹுல்ட்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அவற்றைப் படிக்கலாம். மலைநாட்டில் சேரனையும் பாண்டியர்களையும் வென்று கைப்பற்றிய பண்டாரத்திலிருந்து முதலாம் ராஜராஜன் (985–1014) கொடுத்தவை அவற்றில் தனியாகச் சுட்டப்படுகின்றன. மேலைச் சாளுக்கிய மன்னன் சத்தியாசிரயனை வென்று திரும்பியபோது இறைவன் திருவடியில் இட்ட பொற்பூக்களும் பதிவாகியிருக்கின்றன. 'ஆடவல்லான்' என்று பெயரிட்ட எடைக்கல்லால் பொன்னைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி வரை நிறுத்திருக்கிறார்கள். முத்து என்ற ஒரே பொருளுக்குள் வட்டம், அனுவட்டம், ஒப்பு முத்து, குறு முத்து, கறடு, இரட்டை, சப்பத்தி, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று எத்தனை வகை! வடிவத்தையும் ஒளியையும் பார்த்து அன்றைய கணக்கர் பிரித்த வகைகள் இவை. இன்றைய விளையாட்டுகளில் அதே வாளைப் பச்சை, நீலம், ஊதா என்று நிறம் மாற்றிக் காட்டுவதை இதற்குப் பக்கத்தில் வைத்தால், வறுமை எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். இவையெல்லாம் கொள்ளைதான் என்பதையும் மறைப்பதற்கில்லை. இழந்தவர்களின் கணக்கை அந்தச் சுவர்களில் யாரும் வெட்டவில்லை.

ஒரே ஒரு பொருள் எப்படி ஒரு போரையே சுமக்க முடியும் என்பதற்குத் தாராசுரத்துத் துவாரபாலகர் சாட்சி. பதினோராம் நூற்றாண்டில் முதலாம் ராஜாதிராஜன் சாளுக்கியத் தலைநகரான கல்யாணபுரத்தை அழித்து அந்தச் சிலையைக் கொண்டுவந்தான். அதன் பீடத்திலேயே அந்தச் செய்தியைத் தமிழில் பொறித்துவைத்தார்கள். கல்லும் செதுக்கும் பாணியும் சாளுக்கியருடையவை, எழுத்து சோழருடையது. யாரிடமிருந்து, எங்கிருந்து, யார் கையால் வந்தது என்ற மூன்று விவரமும் பொருளின் மேலேயே இருக்கின்றன. கிடைத்தற்கரிய 'லூட்' ஒன்றுக்கு இவ்வளவு போதும்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். எல்லா விலங்கும் பல், தோல், நகம் என்று தந்தால் பை நிறைந்து விளையாட்டு மூட்டை தூக்கும் வேலையாகிவிடும் என்பது முதலாவது. நியாயம்தான், ஆனால் அதைத் தீர்ப்பது வடிவமைப்பாளர் வேலை. எல்லாமும் கையோடு விழ வேண்டியதில்லை. அறுக்கத் தெரிந்தவனுக்குத் தோல், வளையைத் தேடிப் போனவனுக்கு நெல் என்று பிரித்துவிடலாம். இரண்டாவது மறுப்பு கனமானது: மனத்தைப் பிடித்துவைப்பது தற்செயல்தானே, எப்போது விழும் என்று தெரியாத பரபரப்புதானே என்பது. எப்போதாவது கிடைக்கும் பரிசுக்காக விடாமல் நெம்புகோலை அழுத்திய ஸ்கின்னரின் எலிகளை இங்கே துணைக்கு அழைப்பார்கள். அந்தப் பரபரப்பு ஆட்டக்காரரைத் திரையின் முன் உட்காரவைக்கும் என்பதில் ஐயமில்லை. உட்கார்ந்திருப்பதும் ஒன்றிப்போவதும் ஒன்றாகா. 2012இல் 'டயாப்ளோ 3' விளையாட்டில் ஏலக் கடை திறந்தார்கள். ஆயுதத்தைக் காசு கொடுத்தே வாங்கலாம் என்றானதும் அரக்கனைக் கொல்வதன் பொருளே குறைந்துபோயிற்று. விளையாட்டின் அடிப்படையையே அது கெடுக்கிறது என்று சொல்லி நிறுவனமே 2014 மார்ச்சில் கடையை மூடியது. கொன்றவனுக்கும் கொல்லப்பட்டதற்கும் பொருளோடு இருந்த தொடர்பு அறுந்ததன் விலை அது.

தமிழில் விளையாட்டு வடிவமைக்க முனைவோர் வாய்ப்பு விகிதங்களைக் கணக்கிடுவதற்கு முன், தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். துவாரபாலகர் இப்போது தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறார். அவரையும் நேரில் போய்ப் பார்ப்பது நல்லது.