விசையின் பாரம்: ஒரு சிறிய ரிவோல்வரின் வரலாற்றை முன்வைத்து

பலேர்மோவின் கபோ சந்தைப் பகுதியில் நான் குடியிருக்கும் வீட்டிலிருந்து இருபது நிமிடம் நடந்தால் பியாற்சா மரீனா சதுக்கம் வரும். 1909 மார்ச் 12ஆம் திகதி இரவு, மாஃபியாவைப் பற்றித் துப்புத்துலக்க வந்த நியூயோர்க் பொலிஸ் அதிகாரி ஜோ பெத்ரொசீனோ அங்கேதான் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருடைய ரிவோல்வர் அந்நேரம் ஹோட்டல் அறையில் கிடந்தது. கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

ஒளித்து வைத்திருக்கக்கூடிய சிறிய துவக்குகளின் வரலாற்றை நான் வாசிக்கத் தொடங்கியது அந்தச் சதுக்கத்தால்தான். ஆனால் என் கவனம் குழலிலோ ரவையிலோ நிற்கவில்லை; விசையில் போய் நின்றது.

1836இல் சாமுவேல் கோல்ற் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற ரிவோல்வரில், ஒவ்வொரு வேட்டுக்கும் முன்னர் சுத்தியலைப் பெருவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்தவேண்டும். பாரமான வேலையைப் பெருவிரல் செய்துவிடும். விசைக்கு எஞ்சுவது சிறு அழுத்தம் மட்டுமே. 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் அதற்குப் போட்டியாக வந்து நின்றது றொபேட் அடம்ஸ் என்ற ஆங்கிலேயரின் ரிவோல்வர். அதில் பெருவிரலுக்கு வேலையில்லை. விசையை ஒருமுறை இழுத்தால் உருளை சுழலும், சுத்தியல் எழும், விழும். வேகம் கூடிற்று, கூடவே விசையும் பாரமாயிற்று. 1855இல் போமண்ட் என்ற இராணுவ அதிகாரி இரண்டு முறைகளையும் ஒரே துவக்கில் இணைத்தார்.

பிறகு துவக்கு உடுப்புக்குள் புகுந்தது. 1887இல் ஸ்மித் அன்ட் வெஸன், வெளியே எடுக்கும்போது துணியில் கொழுவாதபடி சுத்தியலையே உள்ளே மறைத்தது. 1927இல் கோல்ற்றின் குறுங்குழல் ரிவோல்வரும், 1950இல் ஸ்மித் அன்ட் வெஸனின் ஐந்து ரவைச் சிறு ரிவோல்வரும் வந்தன. இந்தக் கடைசித் துவக்கின் எடை அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூட. விசையை முழுதாக இழுக்கவோ ஏறத்தாழ ஐந்து கிலோ பலம் வேண்டும். தன் எடையைப்போல் பத்து மடங்கு பலத்தால் இழுபடும் பொருள் கையில் அசையாமல் நிற்குமா? அதனால் குறி தவறும். கூடு சிறிதானால் சுத்தியல் பின்செல்லும் தூரமும் குறையும். ரவை வெடிக்கப் போதிய அடி கிடைக்க ஸ்பிரிங் இறுக்கமாக இருக்கவேண்டும்.

எனவே விசையை இதமாக்குவது துவக்குத் திருத்துவோரிடையே ஒரு தனிக் கலையாக வளர்ந்தது. அதில் வழிகள் இரண்டு. ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் பாரம் உண்மையிலேயே குறையும்; அளவு மீறினால் ரவை வெடிக்காமலும் போகும். உள்ளே உரசும் இடங்களை மினுக்கினால் பாரம் பெரிதாகக் குறையாது. கைக்கு மட்டும் குறைந்ததுபோலத் தெரியும். நாளுக்கு எட்டு மணித்தியாலம் தொழிற்சாலையில் உலோகம் மினுக்குபவன் என்பதால் இந்த வித்தியாசம் எனக்கு விளங்குகிறது.

பாரமான விசை நல்லது என்று இலகுவாகச் சொல்லிவிடவும் முடியாது. 1990களில் ரிவோல்வரிலிருந்து பிஸ்டலுக்கு மாறிய நியூயோர்க் பொலிஸ், தவறுதலாக வெடிக்கக்கூடாதென்று வேண்டுமென்றே 12 இறாத்தல் விசையை வைத்துக்கொண்டது. 2012 ஓகஸ்ட் 24ஆம் திகதி எம்பயர் ஸ்ரேற் கட்டிடத்துக்கு முன்னால் கொலையாளி ஒருவனை நோக்கி இரண்டு பொலிசார் 16 வேட்டுகள் தீர்த்தார்கள். வழியில் நின்ற ஒன்பது பேர் காயப்பட்டார்கள். பாரமான விசைமீதும் பழி விழுந்தது. 2021இல் புதியவர்களுக்கு இலேசான விசை என்று முடிவாயிற்று. சுடுபவரைத் தயங்கவைக்கும் அதே பாரம், அருகில் நிற்பவரைக் காயப்படுத்தவும் கூடும்.

இனி எமது நாட்டுக்கு வருவோம். 1959 செப்ரெம்பர் 25ஆம் திகதி கொழும்பு றொஸ்மீட் பிளேசில் பிரதமர் பண்டாரநாயக்கவைச் சுட்ட தல்துவே சோமாராம தேரர் ஒரு கண் வைத்தியர். ஆயுர்வேதக் கல்லூரி விரிவுரையாளர். அவர் அங்கிக்குள் ஒளித்து வந்தது .45 வெப்லி ரிவோல்வர். அது சிறியதல்ல. அதை ஒளித்தது துணி மட்டுமல்ல, அந்தத் துணிக்கு இருந்த மரியாதையும்தான். பிக்குவை வணங்கி வரவேற்ற மனிதரை நோக்கி விசை பலமுறை இழுபட்டது. மறுநாள் பிரதமர் இறந்தார். ஒரு வைத்தியரின் விரலுக்கு அந்தப் பாரம் எப்படித் தெரியாமற் போயிற்று?

அடுத்தவரைக் கேட்டது போதும். 1984இல் எனக்கு வயது பதின்மூன்று. எமது ஊர் அண்ணா ஒருவர் வேலியோரம் சேட்டைத் தூக்கி இடுப்பிலிருந்த ரிவோல்வரைக் காட்டினார். ரவைகளைக் கழற்றிவிட்டு என் கையில் தந்தார். ஒரு விரலால் இழுக்க முடியவில்லை; இரண்டு விரலைப் போட்டேன்.

“பாரமாக் கிடக்கு அண்ணா.”

“பழகப் பழக லேசாப் போயிடும், தம்பி.”

அவர் சொன்னது சரியாயிற்று. மின்கம்பங்களில் கட்டப்பட்ட உடல்களின் கழுத்தில் ‘துரோகி’, ‘சமூகவிரோதி’ என்ற மட்டைகள் தொங்கின. 1986இல் அந்த அண்ணாவையும் இன்னொரு இயக்கம் சுட்டது. நான் விரிவுரையாளனான பிறகும், வாய் திறக்கவேண்டிய இடங்களில் திறக்கவில்லை. எமது துவக்குகளின் ஸ்பிரிங்கை எவரும் தளர்த்தவில்லை. ‘தேவை’, ‘தவிர்க்கமுடியாதது’, ‘இப்போது பேசும் நேரமல்ல’ என்ற சொற்களால் நாம்தான் மினுக்கினோம். பாரம் குறையவில்லை. கைக்குத் தெரியாமற் போயிற்று.

அரச படைகளின் துவக்குகளைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2009 மே வரை அவை செய்ததை எழுதியிருக்கிறோம். நீதி கிடைக்கும்வரை எழுதவும் வேண்டும். ஆனால் அந்த விசைகளில் இருந்தது எமது விரல் அல்ல. எமது விரல் இருந்த விசைகளைப் பற்றி நாமே பேசாவிட்டால் வேறு யார் பேசுவது?

இதற்கு மறுப்பு வரவேண்டும் என்றே விரும்புகிறேன். குறிப்பாக, ஒருநாளாவது அந்தப் பாரத்தை விரலில் உணர்ந்தவர்கள் எழுதவேண்டும்.