பென்ட்ரைவைப் பிடுங்குவதற்கு முன்

பதுளை நகரில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் ஸ்கேன் எடுத்துக் கொடுப்பது எனது வேலை. சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா ஒரு பொலித்தீன் பையோடு வந்தார். பசறைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977 வன்செயலுக்குப் பின் குடும்பத்தோடு வன்னிக்குப் போய், 2009 க்குப் பிறகு மகன் இல்லாமல் தங்கையின் லயன் வீட்டுக்குத் திரும்பியவர். மகனின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், முறைப்பாட்டுக் கடிதங்கள், தகப்பனாரின் பிரஜாவுரிமைப் பத்திரம், புகைப்படங்கள் என்று 43 தாள்கள் பையில் இருந்தன.

ஸ்கேன் எடுத்தேன். கணினியில் இடம் குறைவு என்பதால் கோப்புகளை வெட்டி அவருடைய பென்ட்ரைவில் ஒட்டினேன். பச்சைக் கோடு ஓடி முடிந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார், பிடுங்கிக் கொடுத்தேன். இரண்டு கிழமை கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, அதுக்குள்ள ஒண்டுமே இல்லையாம்.” மூலப் பத்திரங்களை அதற்கிடையில் ஓர் அலுவலகத்தில் ஒப்படைத்திருந்தார்.

பிழை என்னுடையது. கணினி ‘முடிந்தது’ என்றதை நான் தவறாக விளங்கிக்கொண்டேன்.

கணினியின் பிரதான நினைவகம், அதாவது ரேம், விநாடிக்குப் பல ஜிகாபைட் வேகத்தில் எழுதும். மலிவான பென்ட்ரைவ் எழுதுவது விநாடிக்குச் சில மெகாபைட் மட்டுமே. அதனால் இயங்குதளம் தரவை முதலில் ரேமில் ஒதுக்கிய ஓர் இடத்தில் போட்டுவிட்டு, பிறகு ஆறுதலாகச் சாதனத்துக்குக் கடத்துகிறது. இந்த இடத்தைத்தான் பஃபர் என்கிறோம். தமிழில் இடையகம் என்றும் எழுதுவார்கள்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. மலையில் கொழுந்தை நிறுத்ததும் கணக்கப்பிள்ளை பேரில் பதிந்துவிடுவார். கொழுந்தோ லொறி வரும்வரை மடுவத்தில் கிடக்கும். இடையில் பாதை சரிந்தால் கணக்கில் கொழுந்து இருக்கும், தொழிற்சாலையில் இருக்காது. என் பச்சைக் கோடு காட்டியது கணக்கப்பிள்ளையின் பதிவை. ரேமில் இருப்பது மின்சாரம் உள்ளவரைதான் இருக்கும். பென்ட்ரைவைப் பிடுங்கினால், அதற்காக அங்கே காத்திருந்ததற்குப் போக வழியில்லை.

மடுவம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதே பஃபரை நிர்வகிப்பதில் உள்ள பெரிய கேள்வி. சிறிதென்றால் வேலை அடிக்கடி நிற்கும். பெரிதென்றால் கரண்ட் போகும்போது இழப்பும் பெரிது. எங்கள் கடைக் கணினியில் இருப்பது லினக்ஸ். அதன் வழமையான அமைப்பில், எழுதப்படாத தரவு பாவிக்கக்கூடிய நினைவகத்தின் 10 சதவீதத்தைத் தாண்டினால் பின்னணியில் எழுதத் தொடங்கும். 20 சதவீதத்தைத் தொட்டால் நகலெடுக்கும் நிரலையே தாமதப்படுத்தும். பெரிய கோப்பு பறந்து வந்து திடீரென்று நின்றுவிடுவது இதனால்தான். சிறிய கோப்புகள் இந்த எல்லைகளைத் தொடுவதே இல்லை. அவை ஏறக்குறைய 30 விநாடி ரேமிலேயே காத்திருக்கலாம். என்னுடைய 43 தாள்களும் அப்படிக் காத்திருந்தவைதான். விண்டோஸில் 2018 இல் வந்த 1809 பதிப்பிலிருந்து பென்ட்ரைவுக்கு இந்தக் காத்திருப்பு வழமையாக நிறுத்தப்பட்டிருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் அங்கேயும் கோப்பு கெடும்.

‘ஜேர்னல்’ உள்ள கோப்பு முறைமை பாதுகாப்பானது என்று சொல்வார்கள். பாதி உண்மை. லினக்ஸின் இஎக்ஸ்டி4, விண்டோஸின் என்டிஎஃப்எஸ் இரண்டும் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டே செய்கின்றன. ஆனால் வழமையாக அந்தக் குறிப்பேடு காப்பது கோப்புகளின் பட்டியலைத்தான், உள்ளடக்கத்தை அல்ல. பென்ட்ரைவ்களில் பெரும்பாலும் உள்ள ஃபாட்32 இல் அதுவும் கிடையாது. பெயர் இருக்கும், கோப்பு பூச்சியம் பைட்டாக இருக்கும். அந்த அம்மாவின் பென்ட்ரைவில் இருந்தது அதுதான்.

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் கடைக்கு ஒரு யூபிஎஸ் வாங்கினோம். மின்வெட்டுக்கு அது போதும். கை அவசரப்பட்டுப் பிடுங்குவதற்கு யூபிஎஸ் என்ன செய்யும்?

இப்போது நான் செய்வது இது. வெட்டி ஒட்டுவதில்லை, நகல் மட்டும் எடுப்பேன். பிறகு ‘பாதுகாப்பாக அகற்று’ என்பதைக் கொடுப்பேன். பஃபரில் உள்ளதை எல்லாம் உடனே எழுதி முடி என்ற கட்டளை அது. அகற்றலாம் என்று வந்த பிறகே கழற்றி, மீண்டும் செருகித் திறந்து பார்ப்பேன். கழற்றாமல் திறந்து பார்ப்பதில் பயனில்லை: கணினி பஃபரில் உள்ள பிரதியையே காட்டும், நாமும் பென்ட்ரைவில் இருக்கிறதென்று நம்பிவிடுவோம். கடைசியாக, இன்னொரு ஊரில் உள்ள உறவினரிடம் ஒரு பிரதி. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன் வீடுகளை மூடியபோது, வீட்டிலிருந்த கடதாசிகளும் வீட்டோடு போயின. கடதாசியும் பென்ட்ரைவும் ஒரே அலுமாரியில் இருந்தால் இரண்டும் ஒரு பிரதிதான்.

அந்த அம்மாவின் கோப்புகளை நான் வெட்டியிருந்தாலும், கடைக் கணினியின் பழைய வன்தட்டில் அவற்றின் மேல் வேறெதுவும் எழுதப்பட்டிருக்காவிட்டால் மீட்கலாம். உடனே கணினியை நிறுத்தி, போட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் தேடினேன். பெயர்கள் அழிந்து வெறும் எண்களோடு 41 வந்தன. மற்ற இரண்டும் கடிதங்கள்.

அவர் மறுபடி வந்தபோது, கழற்றிச் செருகிய பிறகு ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னார். 41 ஐயும் திறந்தோம். மகனின் படம் வந்தபோது கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார். பஸ் போய்விட்டது, அடுத்தது நாலரைக்கு.