வர்தா புயலும் மீஞ்சூர் வட்டாரமும்

வர்தா புயல் 2016 டிசம்பர் 12 அன்று பிற்பகலில் சென்னைக்கு அருகே கரையைக் கடந்த புயலாகும். சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தது பரவலாகப் பேசப்பட்டது. நகருக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் உள்ள மீஞ்சூரும் அதைச் சுற்றிய ஊர்களும் அடைந்த பாதிப்பு அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

புயலின் போக்கு

வங்காள விரிகுடாவில் உருவான இப்புயலுக்கு வர்தா என்னும் பெயரைப் பாகிஸ்தான் வழங்கியிருந்தது. கரையைக் கடந்தபோது காற்று மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் வீசியது. 1994-க்குப் பின் சென்னைப் பகுதியைத் தாக்கிய மிகக் கடுமையான புயல் இதுவே.

நிலத்தில் தோன்றும் சுழல்காற்று சில நூறு மீட்டர் அகலத்தில் சில நிமிடங்களே வீசும். புயலோ பல மணி நேரம் பல மாவட்டங்களில் வீசக்கூடியது. வட அரைக்கோளத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுழல்கிறது. எனவே மேற்கு நோக்கி நகரும் புயலின் வடபக்கத்தில் சுழற்சியின் வேகமும் நகர்வின் வேகமும் ஒன்றுசேர்ந்து, கடலிலிருந்து நிலத்தை நோக்கிக் காற்று வலுவாக வீசும். வர்தாவின் மையம் கடந்த இடத்துக்கு வடக்கே இருந்த மீஞ்சூர் இந்தப் பக்கத்தில்தான் அமைந்தது.

பாதிப்புகள்

வடதமிழகக் கடலோரத்தின் தாழ்வான ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் முன்னதாகவே முகாம்களுக்கு மாற்றப்பட்டதால் உயிரிழப்பு குறைந்தது. ஆயினும் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் 10 பேருக்கு மேல் இறந்தனர். குடிசைகளின் கூரைகள் பறந்தன. மா, வாழைத் தோட்டங்கள் சேதமடைந்தன. சென்னை–கும்மிடிப்பூண்டி புறநகர் ரயில்கள் நிறுத்தப்பட்டன.

ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் விழுந்ததே நீண்டகாலத் துன்பத்துக்குக் காரணமாயிற்று. அத்திப்பட்டு, வல்லூர் அனல் மின் நிலையங்கள் மீஞ்சூரை ஒட்டியே உள்ளன. ஆனால் மின்சாரம் அருகில் உற்பத்தியாவதால் மட்டும் ஊருக்குப் பயனில்லை. அதைக் கொண்டுவரும் கம்பியும் கம்பமும் நிற்க வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்தின் பல ஊர்களில் மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின.

மின்சாரம் இல்லையெனில் மோட்டார் ஓடாது. மேல்நிலைத் தொட்டி நிரம்பாது. மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீர் அளவுக்கு மீறி இறைக்கப்பட்டதால், 1960களின் இறுதியிலேயே கடல்நீர் உட்புகுந்தது கண்டறியப்பட்டது. ஆகவே உவர்ப்பேறிய இடங்களில் வீட்டுக் கிணறும் அடிபம்பும் குடிநீருக்குக் கைகொடுக்க மாட்டா.

பணமும் மழையும்

நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டு ஐந்து வாரங்களே ஆகியிருந்தன. கையில் ரொக்கம் குறைவாக இருந்த நேரத்தில் ஏ.டி.எம்.களும் அட்டைக் கருவிகளும் செயலிழந்தன. கூரை வேயவும் வண்டி அமர்த்தவும் கூலி கொடுக்கவும் ரொக்கம் தேவைப்பட்ட கிராமத்தாருக்கு இது இரட்டைச் சுமையாயிற்று.

அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்தது. புயல் ஒரு நாளில் கொட்டிய மழை அந்தக் குறையை ஈடுசெய்யவில்லை. 2017 ஜனவரி 10 அன்று மாநிலத்தின் அனைத்து மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்டன. புயலில் மரங்களை இழந்த உழவர் அடுத்த மாதமே வறட்சியையும் சந்தித்தார்.

பிற்காலம்

2023 டிசம்பரில் மிக்சாங் புயல் சென்னைக்கு அருகே கடல்வழியாகக் கடந்து ஆந்திராவில் கரையேறியது. அப்போது பெருவெள்ளத்துடன் மணலி தொழிற்பகுதியின் எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, மீனவர்களின் படகுகளையும் வலைகளையும் பாழாக்கியது. காற்றின் வேகத்தையும் மழையின் அளவையும் கொண்டு மட்டும் ஒரு புயலின் சேதத்தை அளவிட முடியாது என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன. மின்கம்பி, குடிநீர், கையிருப்பு, அருகிலுள்ள ஆலை ஆகியவற்றின் நிலையும் அந்தச் சேதத்தைத் தீர்மானிக்கிறது.