சின்னக் கை சீக்கிரம் படியுமா?

கினிசியாலஜியில் மேற்படிப்பு படிக்கப்போகிறேன் என்றால் காஞ்சிபுரத்தில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "பி.டி. வாத்தியார் வேலைக்கா?" கேட்பதில் நியாயம் இருக்கிறது. 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய காலத்திலிருந்தே உடலசைவைப் பற்றிய படிப்பு நம்மிடம் மைதானத்தோடு சேர்ந்துதான் வந்திருக்கிறது. ஆனால் உடல் ஓர் அசைவை எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று கேட்கும் பிரிவுக்குப் பட்டறையிலும் ஒரு வேர் உண்டு.

1920-களில் மாஸ்கோவின் மத்தியத் தொழிலாளர் நிறுவனத்தில் நிக்கோலாய் பெர்ன்ஷ்டைன், உளியைச் சுத்தியலால் அடிக்கும் தொழிலாளிகளைப் படமெடுத்து அளந்தார். தேர்ந்தவர்களின் சுத்தியல் ஏறக்குறைய ஒரே பாதையில் இறங்கியது. தோளும் முழங்கையும் மணிக்கட்டுமோ அடிக்கு அடி மாறின. பயிற்சி என்றால் ஒரே சிக்கலைத் திரும்பத் திரும்பப் புதிதாகத் தீர்ப்பது என்ற முடிவுக்குப் பின்னாளில் அவர் வந்தார். 1959-இல் கிராஸ்மன் என்ற ஆய்வாளர், சுருட்டு செய்யும் தொழிலாளர்களின் வேகம் பல லட்சம் சுருட்டுகளுக்குப் பிறகும் கூடியதைக் காட்டினார். வளர்ந்த கைகளும் வருடக்கணக்கில் கற்கின்றன.

இதைப் படித்தபோது எனக்குக் கோர்வைத் தறிதான் நினைவுக்கு வந்தது. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதற்கு மூன்று நாடா வேண்டும். நெய்பவர் ஒருவரே மூன்றையும் ஓட்டுவது கஷ்டம். மறுகரை நாடாவுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். பல தலைமுறைகளாக அந்த ஆள் பெரும்பாலும் ஒரு குழந்தை. கேட்டால், "சின்னக் கைதான் சீக்கிரம் படியும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பார்கள்.

1986-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் நெசவில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. ஆனால் குடும்பத் தறிக்கு விலக்கு கொடுத்தது. 2003-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் இந்தியப் பட்டுத் தொழிலைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகத் தறியில் கட்டுண்ட பிள்ளைகளின் கதை அது. 2016 திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை எல்லா வேலைகளிலிருந்தும் விலக்கியது. அப்போதும் பள்ளி நேரத்துக்குப் பிறகு குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற கதவு திறந்தே இருந்தது.

முன்பணத்தோடு சேர்த்துப் பார்த்தால், சின்னக் கையைத் தறிக்குக் கொண்டுவந்தது அதன் திறமையா, அதன் மலிவா என்ற சந்தேகம் வருகிறது. பெர்ன்ஷ்டைன் சொன்னதை வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தோன்றுகிறது. மறுகரை நாடாவை மட்டும் வருடக்கணக்கில் தள்ளும் பிள்ளைக்குத் தீர்க்கக் கிடைப்பது ஒரே ஒரு சிறிய சிக்கல். பாவு, மிதி, ஊடையின் இறுக்கம் எல்லாம் பெரியவர் கையில். அந்தப் பிள்ளை கற்றது நெசவில் ஒரு துண்டுதான்.

மேற்படிப்பில் நான் எடுக்க நினைக்கும் கேள்வி இதுதான்: தறியே தொடாத இருபத்தைந்து வயதுக்காரர் கோர்வை கற்க எத்தனை மாதம் ஆகும்? எந்த இடத்தில் அவர் கை தடுமாறும்? அதை யாராவது அளந்து சொன்னால், அந்தப் பழமொழியைச் சொல்லி இனி ஒரு குழந்தையைத் தறியில் உட்கார வைப்பது கொஞ்சமாவது கஷ்டமாகும்.