வெள்ளி முடியும் சிவப்பு அட்டையும்

பணி ஓய்வு பெற்ற வெளிநாட்டவர்களை அழைத்துவர மலேசிய அரசு 1996-இல் ஒரு திட்டம் தொடங்கியது. பெயர், 'சில்வர் ஹேர்'. வெள்ளி முடி! 2002-இல் அதை விரிவாக்கி 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' என்றார்கள். ஓய்வுபெற்ற ஜப்பானியர்கள் பலர் வந்தார்கள். கேமரன் மலையின் குளிர் அவர்களுக்கு ரொம்பவே பிடித்துப்போனது.

அவர்களுடைய கோப்பு தடிமனானது. வருமானச் சான்று, வங்கி அறிக்கை, சொந்த நாட்டுப் போலீசின் நன்னடத்தைச் சான்றிதழ், மருத்துவ அறிக்கை, காப்புறுதி. ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் பல ஆண்டுகள் 150,000 ரிங்கிட் வைப்புத்தொகை கேட்கப்பட்டது. பதிலுக்குப் பத்தாண்டு விசா. குடியுரிமைக்கு அது வழி இல்லை.

2021-இல் நிபந்தனைகள் தலைகீழாக மாறின. மாத வருமானம் 10,000 ரிங்கிட்டிலிருந்து 40,000 ஆனது. வைப்புத்தொகை ஒரு மில்லியன். விசா ஐந்தே ஆண்டு. ஏற்கெனவே குடிவந்தவர்களுக்கும் இதுதான் என்று முதலில் சொன்னார்கள். பென்ஷனில் வாழும் கிழவர் நாலு மடங்கு வருமானத்துக்கு எங்கே போவார்? எதிர்ப்பு கிளம்பியது, ஜொகூர் சுல்தானே கவலை தெரிவித்தார். பிறகுதான் பழையவர்களுக்கு நிதி நிபந்தனைகளில் விலக்கு கிடைத்தது. 2024-இல் திட்டம் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று பிரிந்தது. வெள்ளிக்கு 150,000 அமெரிக்க டாலர் வைப்பு. 1996-இன் வெள்ளி தலைமுடியைக் குறித்தது. இப்போதைய வெள்ளி உலோகம்.

இதே நாட்டில், தோட்டங்களில் நரைத்த இன்னொரு கூட்டமும் உண்டு. கேமரன் மலையின் தேயிலையிலும் தமிழர் உழைப்பு இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகும் தோட்டத் தமிழர்களில் பலர் குடியுரிமை எடுக்கவில்லை. ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று நினைத்தவர்கள் உண்டு. மனு எழுதத் தெரியாதவர்கள் உண்டு. பிறந்ததற்கே பதிவு இல்லாதவர்களும் உண்டு. 1968-இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றது. அடுத்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். தங்கியவர்களில் பலர் சிவப்பு ஐசியோடு முதுமை அடைந்தார்கள். அவர்கள் நிரந்தர வசிப்பாளர்கள், அவ்வளவுதான். ஓட்டு கிடையாது. சமூகநலத் துறையின் முதியோர் உதவித்தொகை குடிமக்களுக்கு மட்டும். குடியுரிமை கேட்டுப் போனால் மலாய் தெரியுமா என்று சோதிப்பார்கள்.

இரண்டும் வேறு வேறு சட்டம், ஒப்பிடக்கூடாது என்று சிலர் சொல்வார்கள். சட்டப்படி சரிதான். ஆனால் இரண்டு இடத்திலும் ஒரு வயசாளியிடம் கேட்கப்படுவது ஒன்றே: நீ இங்கே இருக்க என்ன தாள் வைத்திருக்கிறாய்? முதலாமவர் வங்கி அறிக்கையை நீட்டலாம். இரண்டாமவரிடம் இருப்பது நாற்பது ஆண்டு பால்மரம் சீவிய கை. நான் சிஸ்டம் கட்டும் வேலையில் இருப்பவன். ஃபார்மில் கட்டம் இல்லாத தகவலை எந்த சிஸ்டமும் பார்க்காது. வைப்புத்தொகைக்குக் கட்டம் இருக்கிறது; உழைத்த காலத்துக்கு இல்லை.

2011-இல் 'மைடஃப்தார்', 2017-இல் 'மெகா மைடஃப்தார்' என்று பதிவு இயக்கங்கள் நடந்தன. இரண்டாம் முறை நடத்தவேண்டி வந்ததே பிரச்சினையின் அளவைச் சொல்லும்.

உங்கள் வீட்டிலும் சிவப்பு ஐசியோடு ஒரு பாட்டி இருக்கலாம். டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பிறப்புப் பத்திரம், பழைய சம்பளச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ், எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். எந்தத் தோட்டம், எந்த வருஷம் என்று அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தோட்டத்தை நினைவில் வைத்திருக்கும் ஆட்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.