ஹார்ஸ்பர்க் தீவின் இரண்டு பீரங்கிகள்

"அவன் பெரிய எம்டன்" என்று நம் வீடுகளில் இன்றும் பேசுகிறோம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மீது குண்டு வீசிய ஜெர்மன் கப்பல் விட்டுப்போன சொல் அது. அந்தக் கப்பல் ஏழு வாரத்துக்குள் கோகோஸ் தீவுகளில் அழிந்தது. அங்கிருந்த கடலடித் தந்தி நிலையத்தைத் தகர்க்கப் போன இடத்தில் ஆஸ்திரேலியப் போர்க்கப்பலிடம் மாட்டிக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் அதே நிலையத்தைக் காக்கவே பக்கத்திலுள்ள ஹார்ஸ்பர்க் தீவில் இரண்டு 6 அங்குலப் பீரங்கிகளை நிறுத்தினார்கள்.

பீரங்கிகளை இயக்கியவர்கள் சிலோன் காரிசன் ஆர்ட்டிலரியின் இலங்கைச் சிப்பாய்கள். கட்டளையிட்டவர் கேப்டன் கார்டினர் என்ற வெள்ளையர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. வெள்ளையரை வெல்ல முடியாது என்ற நம்பிக்கையும் அதோடு வீழ்ந்தது. மே 8 இரவு கிரேஷன் ஃபெர்னாண்டோ தலைமையில் கிளர்ச்சி வெடித்தது. அதிகாரியைப் பிடிப்பது, பீரங்கிகளைத் தந்தி நிலையத் தீவின் பக்கம் திருப்புவது, ஜப்பானியருக்குச் செய்தி அனுப்புவது என்பது திட்டம். அது நிறைவேறவில்லை. கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது, சிப்பாய் ஒருவர் உயிரிழந்தார். ராணுவ நீதிமன்றம் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. ஃபெர்னாண்டோ, கார்லோ கௌடர், ஜி. பி. டி சில்வா ஆகிய மூவரும் ஆகஸ்ட் மாதம் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். அந்தப் போரில் கலகக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்ட காமன்வெல்த் படைவீரர்கள் இம்மூவர் மட்டுமே.

நிறவெறிக்கு எதிராக எழுந்தவர்களை மதிக்க நமக்குத் தயக்கமில்லை. ஆனால் அவர்கள் நம்பிய ஜப்பான் யார்? மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழ்க் கூலிகளை சயாம் மரண ரயில்பாதைக்கு ஓட்டிச்சென்று ஆயிரக்கணக்கில் சாகடித்தது அதுதான். அந்தக் கூலிகளில் நம் சேரிகளிலிருந்து கப்பலேறியவர்களும், அவர்களின் பிள்ளைகளும் ஏராளம்.

இதைவிட நம்மை உறுத்துவது வேறொன்று. கிளர்ச்சியைத் துரோகம் என எழுதியவர்களும் வீரம் என எழுதியவர்களும் ஒருசேர மறந்தவர்கள் கோகோஸ் மலாய் மக்கள். 1826இல் அலெக்சாண்டர் ஹேர் என்ற வணிகர் அங்கே அடிமைகளாகக் கொண்டுவந்த மலாய்க்காரர்களிடமிருந்து தொடங்கும் சமூகம் அது. 1886இல் விக்டோரியா அரசி தீவுகளை க்ளூனிஸ்-ராஸ் குடும்பத்துக்கு எழுதிக்கொடுத்தார். கொப்பரைத் தோட்டத்தில் உழைத்தவர்களுக்குக் கூலி பணமாக அல்ல, வில்லைகளாகத் தரப்பட்டது. அந்த வில்லை முதலாளியின் கடையில் மட்டுமே செல்லுபடியாகும். பண்ணையாள்களின் பிள்ளைகளாகிய நமக்கு இந்தக் கணக்கைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. தீவை விட்டுப் போனவர் திரும்பி வர முடியாது என்ற கட்டுப்பாடும் இருந்தது.

பீரங்கி யார் கைக்குப் போனால் இந்த வில்லை மாறியிருக்கும்? இந்தக் கேள்வியை இரு தரப்பும் கேட்கவில்லை. ஒடுக்கப்பட்டவர்களின் கிளர்ச்சி வரலாற்றிலும் ஒரு கீழ்த்தட்டு உண்டு. அங்கிருந்து பார்த்துத்தான் நாம் எழுத வேண்டும்.

போர் முடிந்து, 1955இல் தீவுகள் ஆஸ்திரேலியாவிடம் போன பிறகும் வில்லை தொடர்ந்தது. 1978இல் ஆஸ்திரேலிய அரசு 62.5 லட்சம் டாலர் கொடுத்துத் தீவுகளின் பெரும்பகுதியை வாங்கியது. பணம் போனது க்ளூனிஸ்-ராஸ் குடும்பத்துக்கு. தங்கள் எதிர்காலம் பற்றி அந்த மக்கள் வாக்களித்தது 1984இல்தான். துருவேறிய இரண்டு பீரங்கிகளும் இன்னும் ஹார்ஸ்பர்க்கில் கிடக்கின்றன.