தாலந்து: ஒரு சொல்லின் வரலாறு



திருவிழா வந்தால் பங்குகளில் ‘தாலந்துப் போட்டி’ நடப்பதுண்டு. பாட்டிலும் பேச்சிலும் வல்லவர்கள் பரிசு பெறுவர். அப்படியொரு நாளில் வயது முதிர்ந்த தாயார் ஒருவர் என்னிடம், “எனக்கு என்ன சாமி தாலந்து இருக்கு? ஆண்டவர் ஒண்ணுமே குடுக்கலையே” என்றார். அச்சொல்லின் பழைய பொருள் தெரிந்திருந்தால் அவர் இவ்வாறு வருந்தியிருக்கமாட்டார்.

மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகார உவமை கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. அதில் வரும் ‘தாலந்தோன்’ திறமையன்று, எடை. ஏறத்தாழ 30 கிலோ வெள்ளி. நாணயக் கணக்கில் 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் தொழிலாளியின் ஒரு நாள் கூலி (மத். 20:2). ஆண்டுக்கு 300 நாள் வேலை என்று கொண்டால், ஒரு தாலந்து 20 ஆண்டு உழைப்பின் கூலி!

கி.பி. 382இல் திருத்தந்தை தமாசுஸ் பணித்தபடி இலத்தீன் நற்செய்திகளைத் திருத்திய புனித எரோணிமுஸ், அச்சொல்லைப் பெயர்க்காமல் ‘தாலெந்தும்’ என்றே வைத்தார். மறையுரையாளர்கள் அந்தப் பணத்தை இறைவனின் கொடைகளுக்கு உருவகமாக விளக்கினர். காலப்போக்கில் பணம் மறைந்து உருவகமே பொருளாயிற்று. ஆங்கிலத்தில் ‘டாலண்ட்’ என்றால் திறமை என்றாகிவிட்டது. தமிழ் விவிலியத்திலும் ‘தாலந்து’ என்ற சொல்லே நின்றது. ஆனால் நம் பேச்சில் அதன்மேல் ஆங்கிலப் பொருள் ஏறிக்கொண்டது.

இதனால் நாம் இழந்தது என்ன? தலைவர் ‘அவரவர் திறமைக்கு ஏற்ப’ தாலந்துகளைக் கொடுத்தார் என்கிறது நற்செய்தி (25:15). அங்கே திறமைக்குரிய கிரேக்கச் சொல் ‘தூனமிஸ்’. தாலந்தும் திறமையே என்றால், ‘திறமைக்கு ஏற்பத் திறமை கொடுத்தார்’ என்றல்லவா ஆகும்? ஆகவே தாலந்து என்பது நம்முடன் பிறந்த ஆற்றலன்று. தலைவர் நம்மை நம்பி ஒப்படைத்த அவருடைய செல்வம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே தாலந்து பெற்றவன் ஏழையல்லன். இருபது ஆண்டுக் கூலி அவன் கையில் இருந்தது. கொடுத்தது குறைவு என்பதால் அவன் அதைப் புதைக்கவில்லை. அஞ்சியதால் புதைத்தான் (25:25).

அந்தத் தாயார் பாடத் தெரியாதவர்தான். ஆனால் பெற்ற விசுவாசத்தைப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஊட்டியவர். தாம் பெற்றதைப் புதைக்காமல் பெருக்கியவர் அவரே. நாமும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதை எண்ணிப் பார்ப்போமாக!